தொக்கம்: அந்தத் தழும்பை யாரும் பாக்கல

பொங்கலுக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு சொல்லலாம். நிஜக் காரணம் அது இல்ல. எழுத உக்கார்ந்தாலே கோபம் வந்துச்சு. கோபத்துல எழுதினா நாலு வரிக்கு மேல போகல. இப்ப கொஞ்சம் ஆறியிருக்கு, முழுசா ஆறல. அதனால இது கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காரமான பதிவு. டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் போன வாரம் தொக்கம் எடுத்த அனுபவத்தை எழுதியிருந்தார். மனுஷன் நல்லா எழுதுவார். ரெண்டு வருஷ வயித்து வலி ஒரே நாள்ல பறந்துச்சுன்னு முடிச்சிருந்தார். கீழ பின்னூட்டத்துல "எங்க பாட்டியும் எடுப்பாங்க", "அட்ரஸ் ப்ளீஸ்", "விஞ்ஞானத்துக்குத் தெரியாதது நிறைய இருக்கு சார்"னு ஒரே கும்மி. நானும் ஒரு பின்னூட்டம் போட ஆரம்பிச்சேன். அது வளர்ந்து இப்படி வந்து நிக்குது. அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. போன வருஷம் கேட்டிருந்தா நானே அட்ரஸ் குடுத்திருப்பேன்.

தொக்கம்னா என்னன்னு தெரியாத புண்ணியவான்களுக்கு: சாப்பிட்டது ஏதோ ஒண்ணு செரிக்காம குடல்ல ஒட்டிக்கிட்டு நிக்குது, வலி, வாந்தி, பசியில்லாதது, குழந்தை இளைச்சுப் போறது எல்லாம் அதனாலதான்னு ஒரு நம்பிக்கை. ஒட்டினதை வெளிய எடுக்கிறதுதான் தொக்கம் எடுக்கிறது. சில ஊர்ல சோறு எடுக்கிறதுன்னும் சொல்லுவாங்க. வயித்து மேல குழாய் வெச்சோ வாய் வெச்சோ உறிஞ்சுவாங்க. சிலர் தொண்டையை நீவுவாங்க, சிலர் ஊதுவாங்க. கடைசில தட்டுல ஏதாவது ஒண்ணு விழும். சோத்துப் பருக்கை, கறித் துண்டு, முடி, ஏதோ ஒண்ணு. அதைப் பாத்ததுமே நமக்கு வயிறு லேசான மாதிரி இருக்கும்.

இப்ப எங்க வீட்டுக் கதை.

எங்க பெரியப்பாவுக்கு ஆரணில சொந்தத் தறி. குழித்தறி. பட்டுச் சேலை நெய்யறவர். வயசு 68. நான் ஸ்கூல் படிக்கும்போது லீவுக்குப் போனா தறிக்குழி ஓரமா உக்கார வெச்சு தார் சுத்தக் குடுப்பார். நான் சிக்கலாக்கிடுவேன். இழுத்துப் பிரிக்கப் பாப்பேன். "இழுக்காதடா, இழுத்தா இறுகும். எங்க சிக்கியிருக்குன்னு மொதல்ல பாரு"ன்னு சொல்லுவார். இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீட்ல கரும்பு, மஞ்சக்கொத்து, ஒரு கட்டுப் பனங்கிழங்கு. பெரியப்பாவுக்குப் பனங்கிழங்குன்னா உயிர். பல்லு பாதிக்கு மேல போயிடுச்சு. கட்டுன பல்லு செட்டு டப்பாவுலதான் இருக்கும், கல்யாணத்துக்கு மட்டும் வெளிய வரும். ரெண்டு நாளா கிழங்கை மென்னும் மெல்லாமலும் முழுங்கிட்டிருந்தார். யாரும் கவனிக்கல.

மாட்டுப் பொங்கல் ராத்திரி 10 மணிக்கு வயித்து வலி ஆரம்பிச்சுது. சுருட்டிப் பிடிக்குது, ரெண்டு நிமிஷம் துடிக்கிறார், விடுது. அப்புறம் பேசுறார், தண்ணி கேக்குறார். மறுபடி பிடிக்குது. விடியறதுக்குள்ள நாலு தடவை வாந்தி.

ஆரணில வயித்து வலி, வாந்தின்னா இப்ப ஒரே வார்த்தைதான் வரும்: ஃபுட் பாய்சன். காரணம் இருக்கு. 2021 செப்டம்பர்ல அங்க ஒரு அசைவ ஓட்டல்ல சாப்பிட்ட 10 வயசுப் பொண்ணு இறந்து போச்சு. கூட சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரில கிடந்தாங்க. ஊருக்குள்ள அந்தப் பயம் இன்னும் போகல. எங்க வீட்லயும் மதியம் வெளிய வாங்கின பரோட்டா, குருமா. "அதான் வேலை காட்டிடுச்சு"ன்னு முடிவு பண்ணிட்டோம். பரோட்டா சாப்பிட்டது ஆறு பேரு. படுத்தது ஒருத்தரு. இந்தக் கணக்கு ஒருத்தருக்கும் தோணல, இஞ்சினியரிங் முடிச்சு பொட்டி தட்டுற எனக்கும் சேர்த்துத்தான்.

காலைல காணும் பொங்கல். திறந்திருந்த ஒரு கிளினிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் ரெண்டு நிமிஷம் கேட்டார், ஃபுட் பாய்சன்னு நாங்களே சொன்னோம், ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். சட்டையைத் தூக்கிப் பாக்கல.

மத்தியானம் வரைக்கும் நிக்கல. பெரியம்மா வந்து சொன்னாங்க: "ஊசியெல்லாம் இதுக்குக் கேக்காது. சாப்டது ஒட்டினு கீது. இன்னாடா பாத்துனு நிக்கிற, வண்டிய எடு."

நான் வண்டிய எடுத்தேன். மக்களே, இந்த வரியை எழுதத்தான் இத்தனை மாசம் ஆச்சு. ஆரணிக்கு வெளிய ஒரு கிராமம். என் பைக்ல நடுவுல பெரியப்பா, பின்னாடி அவரைப் பிடிச்சுக்கிட்டு பெரியம்மா. ஒவ்வொரு பள்ளத்துலயும் அவர் என் தோளைப் பிடிச்சு நசுக்கினார். நான் ஆஸ்பத்திரி இருக்கிற திசைக்கு எதிர்த் திசையில ஓட்டிட்டுப் போனேன்.

தொக்கம் எடுக்கிற அம்மாவுக்கு எழுபது வயசிருக்கும். சிரிச்ச முகம். எங்களுக்கு முன்னாடி அஞ்சாறு பேர், ரெண்டு கைக்குழந்தை. பெரியப்பாவை பாயில படுக்க வெச்சு, வேட்டியைத் தளர்த்தி, தொப்புளுக்கு மேல ஒரு சின்னக் குழாய் வெச்சு உறிஞ்சினாங்க. மூணாவது தடவை தட்டுல துப்பினாங்க. பழுப்பா, நார் நாரா ஒரு துணுக்கு. "கறி. மூணு மாசம் ஆயிருக்கும்"னாங்க.

பெரியப்பா கறி சாப்பிட்டு 35 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1988ல அல்சருக்கு ஆபரேஷன் பண்ணினதோட விட்டுட்டார். நான் பெரியம்மாவைப் பாத்தேன். பெரியம்மா ஒரு விநாடி யோசிச்சாங்க. "எந்த விசேஷத்துல கலந்து போட்டானுங்களோ, பாவிங்க"ன்னாங்க. பொய்யைச் சொன்னது அந்தம்மா. அதுக்கு முட்டுக் குடுத்துக் கட்டி முடிச்சது நாங்க.

இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஆபரேஷன் தழும்பு நெஞ்சுக்குழில ஆரம்பிச்சு தொப்புள் வரைக்கும் நேரா ஒரு கோடு. 1988ல போட்ட தையல், புள்ளி புள்ளியா இன்னும் தெரியும். அந்தம்மா குழாய் வெச்ச இடத்துல இருந்து ரெண்டு விரல் தள்ளி. அது என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாலும் அவங்களுக்கு அதுல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. காலைல கிளினிக்லயும் பாக்கல. கூடவே இருந்த நாங்களும் பாத்தோம், ஆனா பாக்கல.

100 ரூபா தட்டுல வெச்சோம். திரும்பி வரும்போது பெரியப்பா "பரவால்ல, லேசா இருக்கு"ன்னார். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ராத்திரி மறுபடி ஆரம்பிச்சுது. வாந்தி இப்ப பச்சையா வந்துச்சு. பக்கத்து வீட்டுத் தாத்தா "மலம் இறங்கினா சரியாப் போயிடும்"னு விளக்கெண்ணெய் குடுக்கச் சொன்னார். குடுத்தோம். சிக்கு எங்கன்னு பாக்காம இழுத்தோம். விடியக்காலைல வயிறு மத்தளம் மாதிரி உப்பி, தொட்டாலே கத்தினார். அப்பத்தான் 108.

கண்ணமங்கலம் வழியா வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தை ஆரம்பிக்க நாங்க எடுத்துக்கிட்டது ஒண்ணரை நாள்.

வேலூர்ல அந்த ஆஸ்பத்திரில ட்யூட்டில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா போர்வையை விலக்கினதும் முதல் கேள்வி: "இந்தத் தழும்பு எதுக்கு?" ரெண்டாவது கேள்வி: "காத்து பிரிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு?" மூணாவது: "கடைசியா நார் உள்ளது என்ன சாப்பிட்டார்?" மூணே கேள்வி. முப்பத்தாறு மணி நேரமா எங்க யாருக்கும் தோணாத மூணு கேள்வி.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், மூக்கு வழியா ட்யூப், சாயங்காலம் ஆபரேஷன். சிறுகுடலோட கடைசிப் பகுதில, பெருங்குடல் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பனங்கிழங்கு நார் பந்தா உருண்டு அடைச்சிருந்துச்சு. எலுமிச்சம்பழத்தை விடப் பெருசு. சர்ஜன் வெளிய வந்து பொறுமையா சொன்னார். "சீக்கிரம் வந்தா சில சமயம் குடலை வெட்டாமலே அந்த உருண்டையை விரலால பிதுக்கிப் பெருங்குடலுக்குள்ள தள்ளி விட்டுடுவோம். இவருக்கு அடைச்ச இடத்துல ரத்த ஓட்டம் போய் குடல் கறுத்துப் போயிருந்துது. ஒண்ணரை அடி எடுக்க வேண்டியதாப் போச்சு."

பெரியப்பா பிழைச்சுட்டார். அதை முதல்லயே சொல்லிடறேன், பின்னூட்டத்துல யாரும் இரங்கல் போட வேணாம். 11 நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் மூணு மாசம் தறில பாவு பாதியில நின்னுச்சு. கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போச்சு. ஒரு நெசவாளி வீட்ல மூணு மாசம் தறி நின்னா என்ன அர்த்தம்னு விளக்க வேண்டியதில்ல.

இனிமே கொஞ்சம் பாடம். நானும் அப்புறம்தான் படிச்சேன்.

சாப்பிட்டது குடல்ல அடைக்குமா? அடைக்கும். தொக்கம் நம்பிக்கைல உண்மையான ஒரு பொட்டு இதுதான். செரிக்காத தாவர நார் ஒண்ணா திரண்டு உருண்டையாகி அடைக்கிறதை மருத்துவத்துல ஃபைட்டோபெசோவர்னு சொல்றாங்க. உலகம் பூரா இருக்கு. ஐரோப்பால ஆரஞ்சுச் சுளையைச் சக்கையோட முழுங்கினவங்க, கொரியா, ஜப்பான் பக்கம் பெர்சிமன் பழம் சாப்பிட்டவங்க, உலர்ந்த பழங்களை மெல்லாம முழுங்கி அது உள்ள போய் ஊறி உப்பினவங்கன்னு ஊருக்கு ஊர் ஒரு வில்லன். சாப்பாடுதான்னு இல்ல. 2020 ஜனவரில கோயம்புத்தூர்ல ஒரு 13 வயசுப் பொண்ணு வயித்துல இருந்து அரைக் கிலோ முடியும் காலி ஷாம்பூ பாக்கெட்டும் எடுத்தாங்க, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அது ஸ்கேன்ல தெரிஞ்சுது, ஆபரேஷன்ல வந்துச்சு. எந்தக் குழாய் வழியாவும் வரல.

யாருக்கு அடைக்கும்? பல்லு இல்லாதவங்க, அவசரமா முழுங்குறவங்க, சர்க்கரை நோயால இரைப்பை மெதுவா வேலை செய்யறவங்க. முக்கியமா, இரைப்பைல முன்னாடி ஆபரேஷன் ஆனவங்க. இதைத்தான் நான் இந்தப் பதிவுல கத்தணும்னு நினைக்கிறேன். 1970கள், 80கள்ல அல்சருக்கு ஆபரேஷன் பண்றது ரொம்ப சாதாரணம், நம்ம தென்னிந்தியாவுல இன்னும் அதிகம். அமிலம் சுரக்க வைக்கிற நரம்பை வெட்டி, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவுல புதுசா ஒரு வழி போட்டு விடுவாங்க. அன்னைக்கு அது உயிர் காத்த வைத்தியம். அப்புறம் அல்சருக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பாக்டீரியான்னு ஆஸ்திரேலியாவுல வாரனும் மார்ஷலும் கண்டுபிடிச்சாங்க. 2005ல நோபல் பரிசு வாங்கினாங்க. இப்ப மாத்திரைலயே போயிடுது, அந்த ஆபரேஷன் அரிதாயிடுச்சு. ஆனா அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க நம்ம வீட்டுத் திண்ணையிலதான் உக்கார்ந்திருக்காங்க. அவங்க இரைப்பைல அமிலம் கம்மி, அரைக்கிற வேலையும் கம்மி, பெரிய துண்டைத் தடுத்து நிறுத்துற வாசலும் பழைய மாதிரி இல்ல. வயசாகி இப்ப பல்லும் போச்சு. நார் உருண்டைக்கு இதை விட வசதியான இடம் கிடையாது. தவிர, வயித்துல எந்த ஆபரேஷன் ஆகியிருந்தாலும் உள்ள குடல் ஒட்டிக்கிட்டு அடைக்கலாம். சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணமே அதுதான். தழும்பைப் பாக்கணும்னு நான் சொல்றது சென்டிமென்ட்டுக்கு இல்ல.

இப்ப தொக்கத்துக்கு வருவோம். திட உணவு இரைப்பையை விட்டுக் கிளம்ப நாலஞ்சு மணி நேரம். மொத்தப் பாதையையும் கடக்க ஒண்ணுல இருந்து மூணு நாள். குடலோட உள்தோலே சில நாளைக்கு ஒரு தடவை உதிர்ந்து புதுசாகுது. சுவரே உதிர்ந்துட்டிருக்கும்போது அதுல ஒட்டின கறி மட்டும் மூணு மாசம் எப்படி ஒட்டியிருக்கும்? இன்னும் சிம்பிளா கேக்கறேன்: குழாயைத் தோல் மேல வெச்சு உறிஞ்சினா, ஓட்டை எங்க? தோல், கொழுப்பு, தசை, குடல் சுவர் இத்தனையையும் தாண்டி ஒரு துணுக்கு வருதுன்னா ஒரு சொட்டு ரத்தமாவது வரணுமா வேணாமா?

அப்புறம் ஏன் வலி நின்னுச்சுன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். அடைச்ச குடல் அடைப்பைத் தள்ளப் பாத்து இறுகும்போது வலி, ஓய்வெடுக்கும்போது நிம்மதி. அலை மாதிரி வந்து வந்து போகும். நோயே இடைவேளை விட்டுத்தான் வலிக்குது. அந்த இடைவேளையில யார் கை வெச்சாலும் பேரு அவங்களுக்குத்தான். சாதாரண அஜீரணமா இருந்தா அது தானாவே சரியாயிடும், அந்தப் பேரும் அவங்களுக்குத்தான். நிஜமான அடைப்பா இருந்தா ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரில முடியும். அந்தக் கெட்ட பேரு மட்டும் ஆஸ்பத்திரிக்கு. ஜெயிச்சா என்னால, தோத்தா விதியாலன்னு இப்படி ஒரு வேலை எனக்கும் கிடைச்சா நல்லாருக்கும். எங்க ஆபீஸ்ல அப்ரைசல் அப்படி நடக்கிறதில்ல.

வழக்கமா வர்ற கேள்விகளுக்கு இங்கயே பதில் சொல்லிடறேன், பின்னூட்டத்துல மிச்சம் பிடிக்கலாம்.

1. "இது நம்ம பாரம்பரியம், சித்த வைத்தியம்." சித்த வைத்தியம் படிக்க அஞ்சரை வருஷம் காலேஜ் இருக்கு. அவங்க நாடி பாப்பாங்க, கேள்வி கேப்பாங்க. தொக்கம் எடுக்கிறவங்க கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "என்ன சாப்பிட்ட?" பதில் அவங்க தட்டுல ஏற்கெனவே ரெடி. ரெண்டையும் ஒண்ணாக் கட்டறது சித்த வைத்தியத்துக்குத்தான் அவமானம்.

2. "ஆஸ்பத்திரில மட்டும் என்ன வாழுது? பணம் புடுங்குறான்." பாதி ஒத்துக்கறேன். சட்டையைத் தூக்கிப் பாக்காம ஊசி போட்ட டாக்டர் மேல எனக்கு இருக்கிற கோபம் அந்தம்மா மேல இருக்கிறதை விட அதிகம். அவர் படிச்சவர். ஆனா அதுக்கு விடை வேற டாக்டரைப் பாக்கிறது, "வயித்தைத் தொட்டுப் பாருங்க சார்"னு கேக்கிறது. காசு இல்லைன்னா வேலூர் போற வழியிலயே அடுக்கம்பாறைல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. 108க்குக் காசு கிடையாது.

3. "அந்தம்மா பாவம், வெறும் 100 ரூபா." நான் 100 ரூபாயைப் பத்திப் பேசவே இல்ல. அவங்க ஊரை ஏமாத்திப் பங்களா கட்டல, ஓட்டு வீடுதான். மாமியார் கத்துக் குடுத்ததைச் செய்யறாங்க. அவங்க நம்மகிட்ட வாங்கறது நேரம். குடலுக்கு ரத்தம் போகாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருக்கு. எங்க வீட்டுக்கு அது ஒண்ணரை அடி. எல்லாருக்கும் அவ்வளவு மலிவா முடியாது.

4. "குழந்தைங்களுக்குக் கேக்குதே?" அங்க வரிசைல இருந்த ரெண்டு கைக்குழந்தையை நினைச்சா இப்பவும் பகீர்ங்குது. குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை வயித்தோட மடக்கி, வாந்தி எடுத்தா அது குடல் செருகலா இருக்கலாம். குடலோட ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள்ள தொலைநோக்கி மாதிரி நுழைஞ்சுக்கிறது. ரெண்டு வயசுக்குள்ள அதிகம் வரும். ஜெல்லி மாதிரி ரத்தம் கலந்த மலம் வரலாம். சீக்கிரம் கொண்டு போனா பெரும்பாலும் கத்தி இல்லாம, ஆசனவாய் வழியா காத்தோ தண்ணியோ செலுத்தியே சரி பண்ணிடுவாங்க. குடலேத்தம்னு எண்ணெய் போட்டுத் தட்டி, தொக்கம் எடுத்து, மறுநாள் போனா கத்திதான். அதுவும் சில சமயம் பத்தாது.

5. "கோலி சோடா குடிச்சா கரைஞ்சுடும்னு படிச்சேனே?" நீங்க படிச்சது பாதி. 2002ல ஏதென்ஸ்ல டாக்டருங்க அஞ்சு பேருக்கு மூக்கு வழியா ட்யூப் போட்டு, 12 மணி நேரத்துல 3 லிட்டர் கோக்க கோலா விட்டு நார் உருண்டையைக் கரைச்சாங்க. உண்மைதான். அது இரைப்பைல இருக்கிற உருண்டைக்கு, ஆஸ்பத்திரில வெச்சு, டாக்டர் கண்காணிப்புல. 2013ல இதுவரைக்கும் வந்த 46 பேர் கணக்கை எடுத்துப் பாத்தப்போ கோலா மட்டுமே போதுமா இருந்தது சுமார் பாதிப் பேருக்குத்தான். பாதி கரைஞ்ச உருண்டை கீழ நழுவி குடலை அடைச்ச கதையும் உண்டு. குடல்ல அடைச்ச பிறகு வாய் வழியா எதை ஊத்தினாலும் அடைப்புக்கு மேல தேங்கும், அவ்வளவுதான்.

ஒரு சரித்திரக் கதை. பெசோவர்ங்கிற வார்த்தையே பாரசீகத்துல "விஷமுறி"ங்கிற அர்த்தத்துல இருந்து வந்தது. ஆடு மாதிரி மிருகங்களோட வயித்துல உருவாகற கல்லை எந்த விஷத்தையும் முறிக்கும்னு நம்பி, ஐரோப்பால ராஜாக்கள் தங்கத்துல கட்டி வெச்சிருந்தாங்க. 16ஆம் நூற்றாண்டுல அம்ப்ராஸ் பாரேன்னு ஒரு பிரெஞ்சு சர்ஜன் இதை நம்பல. ராஜாகிட்ட அப்படிப்பட்ட கல்லு ஒண்ணு இருந்துது. வெள்ளிப் பாத்திரம் திருடித் தூக்குத் தண்டனை வாங்கின சமையல்காரன் ஒருத்தன் விஷமும் கல்லும் சேர்த்துச் சாப்பிட ஒத்துக்கிட்டான், பிழைச்சா விடுதலைன்னு. சில மணி நேரத்துல துடிதுடிச்சுச் செத்தான். சோதனை கொடூரம்தான், இன்னைக்கு யாரும் அப்படிச் செய்யக் கூடாது. ஆனா கேள்வி சரியான கேள்வி: வேலை செய்யுதான்னு பாத்தியா?

நம்ம பக்கத்துலயே கோவூர் இருந்தார். கேரளாவுல பிறந்து இலங்கைல வாழ்ந்த ஆபிரகாம் கோவூர். 1963ல, ஏமாத்து வேலைக்கு இடம் இல்லாத சூழ்நிலைல அற்புதம் காட்டுறவங்களுக்கு ஒரு லட்சம் ரூபா தர்றேன்னு சவால் விட்டார். 1978ல இறக்கிற வரைக்கும் அந்தப் பணத்தை யாராலயும் வாங்க முடியல. என்கிட்ட ஒரு லட்சம் இல்ல, ஹோம் லோன்தான் இருக்கு. அதனால என் சவால் சின்னது. தொக்கம் எடுக்கிறவர் முதல்ல வாயை நல்லாக் கொப்பளிச்சு, திறந்து காட்டட்டும். குழாய் கண்ணாடி மாதிரி உள்ள தெரியறதா இருக்கட்டும், அதை நான் வாங்கிட்டு வர்றேன். கை முழங்கை வரைக்கும் வெளிய தெரியட்டும். அப்புறம் எடுக்கட்டும். பதிவு போட்ட நண்பரே, அடுத்த தடவை போகும்போது இதை மட்டும் கேட்டுப் பாருங்க. நடந்ததை அப்படியே எழுதுங்க, நான் முதல் ஆளா வந்து படிக்கிறேன்.

கடைசியா, காப்பி பண்ணி உங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல போட வேண்டியது:

வலி விட்டு விட்டு வருது, வாந்தி நிக்கல, வயிறு உப்புது, மலமும் காத்தும் போகல. இந்த நாலும் சேர்ந்தா குடல் அடைப்பா இருக்கலாம். ஆரம்பத்துல அடைப்புக்குக் கீழ இருந்த மலம் கொஞ்சம் போகலாம், அதை வெச்சு ஏமாறாதீங்க. விட்டு விட்டு வந்த வலி விடாத வலியா மாறினாலோ, வாந்தி பச்சையா வந்தாலோ, ஒரு நிமிஷமும் தள்ளிப் போடாதீங்க. வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க. விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா எதுவும் வேணாம். சர்ஜன் இருக்கிற, எக்ஸ்ரே எடுக்க முடியற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. பழைய ஆபரேஷன் இருந்தா வாசல்லயே சொல்லுங்க.

பனங்கிழங்கு மேல எந்தத் தப்பும் இல்ல. நல்ல பொருள். பல்லு உள்ளவன் நல்லா மென்னு தின்னட்டும். பல்லு இல்லாத பெரியவங்களுக்கு மாவாக்கிக் குடுங்க. ஆரஞ்சுன்னா சாறா குடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணும்போது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: வயித்துல எப்பவாவது ஆபரேஷன் ஆச்சா, எந்த வருஷம், எதுக்கு? சொல்றதை உங்க போன்ல எழுதி வெச்சுக்குங்க. எங்க பெரியப்பாவோட 1988 ரிப்போர்ட் இத்தனை வருஷமா பீரோவுல ஜரிகைக் கட்டுக்குக் கீழ மடிச்சு இருந்துது. ஆஸ்பத்திரில கேட்டப்போ அது எங்க இருக்குன்னு வீட்ல யாருக்கும் தெரியல.

பெரியப்பா சித்திரைல மறுபடி தறில உக்கார்ந்துட்டார். முன்ன மாதிரி நாள் பூரா முடியல, காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். போன மாசம் போனப்போ குழில கால் விட்டு உக்கார்ந்து அறுந்த இழையை முடிஞ்சுட்டிருந்தார். நான் மன்னிப்புக் கேக்கலாம்னு பக்கத்துல போய் உக்கார்ந்தேன். வாய் வரல. அவரே கேட்டார்: "அன்னைக்கு வண்டில பள்ளம் பாத்து ஓட்டக் கூடாதாடா?" அதோட நாடாவைத் தள்ள ஆரம்பிச்சுட்டார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, ஜாவா எழுதறவன். மேல சொன்னது மருத்துவ ஆலோசனை இல்ல, "டாக்டர்கிட்ட போங்க"ங்கிற ஆலோசனை. தொக்கம் எடுக்கிற இடத்தோட அட்ரஸ் கேட்டு வர்ற பின்னூட்டங்கள் வெளியிடப்படாது.